சாணிக்குறி

சென்ற ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கம்ப்யூட்டர், "இவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டது.

ஒரு கணம் என்னைத்தான் சொல்கிறதாக்கும் என்று நினைத்தேன். எழுத்தாளனுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. ஆனால் அது சொன்னது என்னை அல்ல. எனக்கு வெளியிலிருந்து சாமான் அனுப்பும் ஒரு கம்பெனியைத்தான் அப்படிச் சொன்னது.

விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நான் இருப்பது கொமரலிங்கத்தில். பெயர்ப் பலகையில் 'குமரலிங்கம்' என்றும் பார்க்கலாம். வாயில் வருவது கொமரலிங்கம்தான். அமராவதி ஆற்றங்கரை, நெல் வயல், தென்னந்தோப்பு. பிழைப்பைத் தேடுகிறவர்கள் உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து திருப்பூருக்குப் போய்விடுகிறார்கள். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, அதற்கு மேல் படிப்பு என்னைத் தாங்காது என்று அதுவும் நானும் சேர்ந்து முடிவு செய்து, ஊரோடு திரும்பிக் கதை எழுதப் புகுந்தவன். அப்படிப்பட்டவன் வீட்டில் லினக்ஸ் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் அக்காள் மகள் கொண்டுவந்து வைத்தாள்.

அவள் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினி ஒன்று அவளுக்குக் கிடைத்தது. 2011ஆம் வருஷம் தொடங்கிய திட்டம். அந்தப் பெட்டிகளில் விண்டோசோடு கூட 'பாஸ்' என்ற லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். அது நம் நாட்டுச் சரக்கு. சென்னையில் சி-டாக் நிறுவனத்தில் தயாரானது. டெபியன் என்ற பெரிய குடும்பத்தின் கிளை. மற்றப் பிள்ளைகள் அந்தப் பக்கமே திரும்பாமல் சினிமாப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் அதைத் திறந்து நோண்டினாள். இன்றைக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். என் பழைய பெட்டி விண்டோசின் பாரம் தாங்காமல் மூச்சு வாங்கியபோது, "டெபியன் போட்டுத் தர்றேனுங் மாமா" என்று போட்டுக் கொடுத்தாள். "வாரம் ஒரு தடவை புதுப்பிச்சுக்கோங்க. கேக்கறதைப் படிச்சுப் பாத்துட்டுப் பதில் சொல்லுங்க" என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை.

புதுப்பித்தேன். படித்துப் பார்த்தேனா என்றால், இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை திரையில் வந்த வாசகத்தைத் தமிழில் சொல்வதானால் இப்படி இருக்கும்: "கீழ்க்கண்ட கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை, அதற்குரிய பொதுச் சாவி கிடைக்கவில்லை." அதன் பின்னால் 'நோ பப்கீ' என்று ஒரு சொல், அதை ஒட்டி எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு குறிகள். இந்த இடத்திலிருந்து பத்திரமாகப் புதுப்பிக்க இயலாது, ஆகையால் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று ஒரு முடிவுரை. இணையப் பக்கங்களைப் பார்க்கும் புரோகிராம் ஒன்றை நான் டெபியனிலிருந்து வாங்காமல், அதைத் தயாரித்த கம்பெனியிடமிருந்தே நேராக வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனிதான் இப்போது 'யாரென்று தெரியாதவர்' ஆகிவிட்டது.

தொடர்கதை அத்தியாயம் மறுநாள் காலை பத்திரிகைக்குப் போக வேண்டும். இந்த நிலைமையில் படித்த மனிதன் என்ன செய்வான்? இணையத்தில் தேடினேன். எனக்கு முன்பே அநேகம் பேர் இதே பள்ளத்தில் விழுந்திருந்தார்கள். முகம் தெரியாத ஒரு புண்ணியவான், சாமான் வரும் இடங்களின் பட்டியலில் அந்த வரியில் சின்னதாக ஒன்று சேர்த்தால் தொல்லை தீரும் என்று எழுதியிருந்தார். சேர்க்க வேண்டியது என்ன தெரியுமா? 'நம்பத்தக்கது' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல், ஒரு சமன் குறி, 'ஆம்' என்று ஒரு சொல். அவ்வளவுதான். சேர்த்தேன். தடை விலகியது. சரசரவென்று வரிகள் ஓடின. எனக்கு ஒரே பெருமை.

பெருமை வந்தால் அதை யாரிடமாவது காட்ட வேண்டுமே! எங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எனக்கு அ, ஆ கற்பித்தவர். என் பேச்சைக் கேட்டு அவரும் தம் பெட்டியில் டெபியனைப் போட்டுக்கொண்டார். அவருக்கும் அதே வாரத்தில் அதே செய்தி வந்தது. "இதென்னமோ கையெழுத்துச் சரியில்லேங்குது, தம்பி" என்று கவலையோடு வந்தார். "அதொன்றுமில்லை அய்யா, ஒரு வரி சேர்த்தால் போய்விடும்" என்று நானே போய்ச் சேர்த்துக் கொடுத்து, ஒரு டம்ளர் காப்பியும் குடித்துவிட்டு வந்தேன்.

அவருடைய பெட்டி என் பெட்டியைப் போன்றது அல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் பெட்டியில் இருப்பவை கற்பனைகள். திருடினால் திருடினவனுக்குத்தான் நஷ்டம். வாத்தியாரிடமோ ஊரில் பாதிப் பேர் வருவார்கள். முதியோர் பென்ஷன் மனு, பட்டா சிட்டா நகல், பேரப்பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம். எல்லாருடைய ஆதார் எண்ணும் பாங்குக் கணக்கு எண்ணும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். காசு வாங்காமல் செய்கிறவர். வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரைத் தெரியாது, வாத்தியாரைத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகள் வந்தாள். அவளிடம் என் சாமர்த்தியத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிப்போயிற்று.

"அது என்ன சொல்லுச்சுன்னு படிச்சீங்களா மாமா?"

"படிச்சேன் கண்ணு. சாவி இல்லேன்னு சொல்லுச்சு. கதவைத் திறந்து வெச்சுட்டேன்."

கதை எழுதுகிறவனின் குறும்பு என்று நினைத்துச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தொழிலிலிருந்தே எனக்குப் பாடம் ஆரம்பித்தாள்.

திருப்பூரிலிருந்து பனியன் பெட்டிகள் கன்டெய்னரில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகின்றன. ஏற்றியதும் கதவில் நம்பர் பொறித்த ஒரு சீல் மாட்டுகிறார்கள். உடைத்தாலொழியக் கழற்ற முடியாத இரும்புத் தாழ். அந்த நம்பரைக் கப்பல் காகிதங்களில் எழுதித் தனியாக அனுப்புகிறார்கள். சரக்கு ஒரு வழி, நம்பர் இன்னொரு வழி. அயல் நாட்டில் இறக்குகிறவன் இரண்டையும் ஒப்பிடுகிறான். வழியில் லாரி மாறியிருக்கலாம், கப்பல் மாறியிருக்கலாம். நடுவில் எத்தனை பேர் கைபட்டது என்ற கவலையே அவனுக்கு இல்லை. சீல் நம்பர் ஒத்துப்போனால் கதவைத் திறப்பான். "நீங்க என்ன செஞ்சீங்கன்னா, சீல் நம்பர் தெரியலேன்னு கேட்டுல இருக்கிறவர் வந்து சொன்னதுக்கு, இனிமே சீலே பாக்க வேண்டாம், எந்த லாரி வந்தாலும் உள்ளே விடுன்னு சொல்லிட்டீங்க" என்றாள்.

எனக்குக் கன்டெய்னர் பரிச்சயமில்லை. ஆனால் அவள் பேசப் பேச எங்கள் அப்புச்சியின் களம் கண்முன் வந்து நின்றது.

1980களின் கடைசியில் எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அறுவடை முடிந்து, போரடித்துத் தூற்றி, நெல்லை அம்பாரமாகக் குவிப்பார்கள். அன்றைக்கே அளந்து வண்டி ஏற்ற முடியாவிட்டால் நெல் இரவு களத்திலேயே கிடக்கும். அப்போது அப்புச்சி சாணியைத் தண்ணீரில் கரைத்து, அம்பாரத்தைச் சுற்றிலும் கோடாக ஊற்றுவார். பிறகு இடுப்பில் சொருகியிருக்கும் ஒரு சின்ன மரப் பலகையை எடுத்துச் சாணியில் தோய்த்து நாலு பக்கமும் பதிப்பார். பலகையில் எழுத்துக்கள் திரும்பியிருக்கும். நெல்லின்மேல் நேராக விழும். காலையில் குறி கலையாமல் இருந்தால் நெல்லை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். குறி எப்படி இருக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பலகை அப்புச்சி ஒருவரிடம்தான். இரவில் அது பெட்டிக்குள் போய்விடும். பெட்டிச் சாவி அம்மிச்சியின் முந்தானையில்.

"அதேதானுங் மாமா!" என்று துள்ளினாள் அவள். பலகைக்குப் பெயர் ரகசியச் சாவி. அது அனுப்புகிறவனிடமே இருக்கும். குறியை அடையாளம் கண்டுகொள்ளும் ஞானத்துக்குப் பெயர் பொதுச் சாவி. அதை யாருக்கும் கொடுக்கலாம். என் பெட்டியில் இல்லாமல் போனது பலகை அல்ல, அந்தக் கம்பெனியின் குறி எப்படி இருக்கும் என்ற ஞானம். கம்பெனி பழைய பலகையை வைத்துவிட்டுப் புதிய பலகையால் பதித்திருக்கிறது. என் பெட்டிக்குப் புதிய குறியை யாரும் காட்டவில்லை. ஆகவே, "யாரோ பதித்திருக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை" என்று உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டது. கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை.

அப்புச்சியின் பலகைக்கும் இதற்கும் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. சாணிக்குறியைப் பார்த்து ஒரு கெட்டிக்காரத் தச்சன் அதே மாதிரிப் பலகை செதுக்கிவிடலாம். இங்கே அது நடக்காது. பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி, ஒன்றைக் கொண்டு மற்றதைக் கண்டுபிடிக்க முடியாது என்ற யோசனையை 1976இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்டார்கள். மறு வருஷமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் பெரிய பெரிய பகா எண்களைப் பெருக்கி அதைச் செய்து காட்டினார்கள். பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததைப் பிரிப்பது மகா கஷ்டம் என்பதுதான் அதன் சூட்சுமம். 1991இல் ஃபில் ஜிம்மர்மன் அதைச் சாமானியர்களும் உபயோகிக்கும்படி ஒரு புரோகிராமாக எழுதினார். அந்த வழியில் ஜெர்மனிக்காரரான வெர்னர் கோஹ் எழுதிய இலவசப் பதிப்புத்தான் லினக்ஸ் வீடுகளில் வெகுகாலம் குறி பார்த்து வந்த காவற்காரன். இரண்டாவது வித்தியாசம் இன்னும் அழகானது. சாணிக்குறி எந்த நெல்லின்மேலும் ஒரே மாதிரி விழும். இந்தக் குறியோ நெல்லைப் பொறுத்து மாறும். அம்பாரத்தில் ஒரு மணியை எடுத்துவிட்டு இன்னொரு மணியை வைத்தால்கூடக் குறி ஒத்துப்போகாது.

இன்னொன்றும் சொன்னாள். ஆயிரக்கணக்கான மூட்டைகளில் ஒவ்வொன்றின் மேலும் முத்திரை குத்துவதில்லையாம். ஒரே ஒரு சீட்டின்மேல்தான் கையொப்பம். அந்தச் சீட்டில் பட்டியல்களின் அடையாள எண்கள். ஒவ்வொரு பட்டியலிலும் அதிலுள்ள மூட்டைகளின் அடையாள எண்கள். சீட்டு மெய்யானால் பட்டியல் மெய், பட்டியல் மெய்யானால் மூட்டை மெய். டெபியனில் இந்த ஏற்பாடு 2007இல் வந்த 'எட்ச்' பதிப்பிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆகையால்தான் டெபியன் தன் சரக்கை உலகமெங்கும் யார் வேண்டுமானாலும் நகல் வைத்து வினியோகிக்கட்டும் என்று விட்டிருக்கிறது. பல்கலைக்கழகங்கள், கம்பெனிகள், தனி மனிதர்கள்கூட வைத்திருக்கிறார்கள். வண்டிக்காரன் யாராயிருந்தால் என்ன, முத்திரை மூட்டையின்மேல் இருக்கிறதே! நான் அந்த முத்திரையை வேண்டாம் என்றதும், வழியில் போகிற வண்டிக்காரர்கள் அத்தனை பேரையும் நம்பியாக வேண்டியவனாகிவிட்டேன்.

"யார் கண்ணு மெனக்கெட்டு நம்ம ஊரு வாத்தியார் பெட்டியிலே வந்து கலப்படம் பண்ணப்போறான்?" என்று கேட்டேன். தோற்கிற வக்கீலின் கேள்விதான். அவள் 2016ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் நடந்ததைச் சொன்னாள். லினக்ஸ் மின்ட் என்ற பிரபலமான வகையின் இணையதளத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்து, இறக்கிக்கொள்ளும் இணைப்பை மாற்றி, கள்ளக் கதவு வைத்த நகலை வினியோகித்துவிட்டார்கள். அன்றைக்கு அதை வாங்கியவர்களில் எவரையும் அந்தத் திருடர்களுக்கு முன்பின் தெரியாது. வலை போடுகிறவன் மீனின் பெயர் கேட்டுப் போடுவதில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். அவளிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.

அப்புச்சியின் களத்தில் ஒரு காவற்காரர் இருந்தார். வயதானவர். ராத்திரி குளிருக்குத் தீ மூட்டிக்கொண்டு எனக்குப் பேய்க் கதை சொல்வார். நான் பிற்காலத்தில் கதை எழுதியதில் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால் அம்பாரத்தின் மேற்குப் பக்கத்துக் குறி கலைந்திருந்தது. அப்புச்சி நெல்லை அளக்கவில்லை. சுற்றிப் பார்க்கவில்லை. "போயிரு" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவர் தலைத் துணியை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் வரப்பில் இறங்கி நடந்தார். மத்தியானம் வள்ளத்தால் அளந்தார்கள். மதிப்புப் போட்டிருந்த அளவு குறையாமல் இருந்தது. கலைந்த இடத்தைச் சுற்றி ஆட்டுப் புழுக்கை கிடந்ததை அம்மிச்சிதான் காட்டினாள். ஏதோ குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து ஏறி இறங்கியிருக்கிறது. அப்புச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "போனது போகட்டும்" என்றார். ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. அந்த மனிதர் தம் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

குறி பேசும்போது அது என்ன பேசுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது லேசான காரியமல்ல. அப்புச்சி, குறி கலைந்தது என்பதைத் திருட்டு நடந்தது என்று வாசித்தார். நான், குறி தெரியவில்லை என்பதை ஒன்றுமில்லை என்று வாசித்தேன். இரண்டு பேருமே வாசிக்கவில்லை.

கம்ப்யூட்டர் இந்த விஷயத்தில் மனிதர்களைவிடச் சுத்தமாகப் பேசுகிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். குறி தெரியவில்லை என்பது ஒரு செய்தி. குறியைத் தெரியும், ஆனால் அதன் தவணை முடிந்துவிட்டது என்பது வேறொரு செய்தி. சாவிகளுக்கு ஆயுள் வைத்திருக்கிறார்கள். பழைய பலகை என்றைக்கும் செல்லாமல் இருக்கட்டும் என்று. டெபியன்காரர்கள் பழைய சாவி முடிவதற்கு முன்பே அதன் கையொப்பத்தோடு புதிய சாவியை அனுப்பிவிடுகிறார்கள். பழைய மணியக்காரர் போகும்போது புதியவரை ஊருக்கு அறிமுகம் செய்துவைத்துவிட்டுப் போவது போல. வாரா வாரம் புதுப்பிக்கிறவன் இந்த மாற்றத்தை அறியவே மாட்டான். பெட்டியைப் பரணில் போட்டு ஐந்து வருஷம் கழித்து எடுக்கிறவனுக்குத்தான் எல்லாரும் அந்நியர்களாகத் தெரிவார்கள். எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் அவளுடைய பழைய இலவச மடிக்கணினியை எடுத்துத் திறந்தபோது அப்படித்தான் ஆயிற்றாம். அதோடு உள்ளே இருக்கும் சின்ன பாட்டரி செத்து, கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விட்டது. "இந்தச் சீட்டு இன்னும் அமலுக்கு வரவில்லை" என்று அது சொன்னதாம். பாவம், அதற்கு எல்லாமே எதிர்காலத்திலிருந்து வந்த கடிதங்கள். மணியைத் திருத்தியதும் அந்தக் குறை தீர்ந்தது.

மூன்றாவது ஒன்று உண்டு. குறியைத் தெரியும், தவணையும் இருக்கிறது, ஆனால் நெல்லோடு ஒத்துப்போகவில்லை. கெட்ட கையொப்பம் என்றே அதற்குப் பெயர். அதிலும் முக்கால்வாசி ஆட்டுக்குட்டிதான் என்கிறாள். இறங்கும்போது பாதியில் அறுந்த கோப்பு, நடுவில் நிற்கும் ஏதாவது ஓர் ஏற்பாடு பழைய நகலைக் கொடுத்துவிட்டது, இப்படி. ஆனாலும் அளந்து பார்க்காமல் மூட்டையைத் தொடக்கூடாது.

குறி சரியாயிருந்தால் எல்லாம் சரி என்று நான் உடனே எதிர்க்கரைக்குப் போனேன். அங்கேயும் அவள் விடவில்லை. 2008 ஆகஸ்டில் ரெட் ஹாட் கம்பெனியின் உள்ளே நுழைந்த ஒருவன், அவர்களுடைய பலகையைக் கொண்டே சில மூட்டைகளில் குறி போட்டுவிட்டான். 2024 மார்ச்சில் தெரியவந்தது அதைவிட விசித்திரம். 'எக்ஸ்-இஜட்' என்ற சின்னக் கருவியை வெகுகாலமாகத் தனியாகப் பராமரித்து வந்தவருக்கு உதவ வந்த ஒரு புனைபெயர்க்காரர், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்துக்கொண்டு, கள்ளக் கதவு ஒன்றை வைத்தார். அது டெபியனின் சோதனைப் பதிப்பு வரைக்கும் முறையான குறியோடு வந்துவிட்டது. ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினீயர், தம் கம்ப்யூட்டரில் வெளியிலிருந்து நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிக் கண்டுபிடித்தார். குறி சொல்வது இது யாருடைய நெல் என்பதை. கல் பொறுக்க வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள்.

பலகையே தொலைந்துபோவதும் உண்டு. 2025 ஏப்ரலில் காளி லினக்ஸ்காரர்கள், எங்கள் ரகசியச் சாவியை உபயோகிக்க முடியாமல் போய்விட்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள். திருட்டுப் போகவில்லை, கைவிட்டுப் போய்விட்டது. பழைய மணியக்காரர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட மாதிரி. புதியவரை அறிமுகம் செய்ய ஆள் இல்லை. உலகெங்கும் அதை உபயோகிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் தாமே போய்ப் புதிய சாவியை வாங்கி, சரிதானா என்று பார்த்துக்கொள்ளும்படி ஆயிற்று.

"அப்படியானால் நானும் புதுச் சாவியை வாங்கிப் போட்டுவிடுகிறேன். நம்பரைத்தான் செய்தியிலேயே கொடுத்திருக்கிறதே" என்றேன். அந்த நம்பரைச் சொல்லிச் சாவி கேட்டால் கொடுக்கும் பொதுக் களஞ்சியங்கள் இருக்கின்றன என்று நானும் படித்திருந்தேன்.

"வந்த ஆளையே கேட்டு அவரோட மாதிரிக் கையெழுத்தை வாங்கி வெச்சுக்கிட்டு, சரியா இருக்குதுன்னு சொல்ற மாதிரியாகும் மாமா" என்றாள். நம்பர் யாருடையது என்பது வேறு வழியில் தெரிய வேண்டும். அதிலும் சுருக்க நம்பரை நம்பக்கூடாது. ஒரு காலத்தில் கடைசி எட்டுக் குறிகளை மட்டும் பார்ப்பது வழக்கமாயிருந்தது. அதே எட்டில் முடியும் போலிச் சாவியைச் சில விநாடிகளில் செய்துவிடலாம் என்று 2014இல் இரண்டு பேர் செய்தே காட்டிவிட்டார்கள். முழு ரேகை நாற்பது குறிகள். நாற்பதையும் பார்க்க வேண்டும்.

அவள் செய்தது இதுதான். கம்பெனியின் சொந்தத் தளத்தில் அறிவித்திருந்த ரேகையை எடுத்தாள். திருப்பூரில் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேறொருவர் முன்பே சரிபார்த்துப் போட்டு வைத்திருந்த சாவியின் ரேகையைப் போனில் கேட்டு வாங்கினாள். இரண்டும் ஒன்றாயிருந்தன. அதன் பிறகு அந்தச் சாவியை அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் செல்லும்படி தனிக் கோப்பாக வைத்தாள். எல்லாருக்கும் பொதுவான கொத்தில் கோத்துவிடும் பழைய முறையை இப்போது வேண்டாமென்கிறார்கள். பால்காரனிடம் கொடுத்த சாவி நெல் குதிரைத் திறக்கக்கூடாது அல்லவா? என்னுடைய 'ஆம்' அழிக்கப்பட்டது. மூன்று வாரத்தில் குறி பார்க்காமல் இறங்கிய மூட்டைகள் அதிர்ஷ்டவசமாக என் பெட்டியிலேயே கிடந்தன. அவற்றின் அடையாள எண்களை இப்போது கையொப்பம் சரியாயிருக்கும் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரி.

"தப்பிச்சோம்" என்றேன்.

"நீங்க தப்பிச்சீங்க" என்றாள் அவள்.

வாத்தியார் சுத்தக்காரர். வேலை முடிந்தால் கரும்பலகையை அழித்துவிட்டுத்தான் வகுப்பை விட்டுப் போவார். கம்ப்யூட்டரிலும் அப்படியே, இறக்கிய மூட்டைகளை வாரா வாரம் துப்புரவாக அழித்துவிட்டிருந்தார். அளந்து பார்க்க நெல் இல்லை. கெடுதல் நடந்ததா என்றால் நடக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. தோன்றுகிறது என்பதை வைத்துக்கொண்டு ஊரார் பென்ஷன் கணக்கை அந்தப் பெட்டியில் இனித் தட்டலாமா? கூடாது என்றாள். முக்கியமானவற்றைத் தனியே எடுத்துக்கொண்டு, பெட்டியைத் துடைத்து, முதலிலிருந்து போட வேண்டும்.

அவள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வாத்தியாரிடம் ஒன்றும் சொல்லாமலே, "புதுப் பதிப்பு வந்திருக்கிறது அய்யா, போட்டுத் தருகிறேன்" என்று காரியத்தை முடித்துவிடலாம். அவர் சந்தோஷமாகச் சம்மதிப்பார். காப்பியும் கிடைக்கும். போனது போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்புச்சியின் குரலிலேயே அது கேட்டது.

மறுநாள் காலை போனேன். உள்ளது உள்ளபடி சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "கையெழுத்துச் சரியில்லேன்னு நான் சொன்னேனே தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிரம்பை எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாயிருந்திருக்கும். பிறகு ஒரு நோட்டை எடுத்தார். அந்த மூன்று வாரத்தில் யார் யாருக்கு என்ன செய்து கொடுத்தார் என்று தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். பதினேழு பேர். பாங்குக்குள் நுழையும் ரகசியச் சொல்லைத் தட்டியவர்கள் அதில் நான்கு பேர். அவர்களை மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். "நானே போய்ச் சொல்லிக்கறேன்" என்றார். "நானும் வருகிறேன் அய்யா" என்றேன்.

நாலு வீடும் ஏறி இறங்கினோம். ஒரு கிழவி, "நெலத்துப் பத்திரம் போயிருச்சா சாமி?" என்று பயந்து கேட்டாள். போகவில்லை என்று விளங்க வைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் துடைத்துப் புதிதாகப் போட்டோம். கம்பெனியின் சாவியை நிறுவும் கட்டம் வந்தது. அக்காள் மகள் சொல்லி நான் காகிதத்தில் எழுதி வைத்திருந்த நாற்பது குறிகளையும் நான் வாசிக்க வேண்டும். வாத்தியார் திரையில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரியே வாசித்தேன். முப்பத்தோராவது குறியில் அவர் நிறுத்தினார்.

"இங்கே எட்டு இருக்குது. நீ பின்னு சொல்றே."

எனக்குப் பகீரென்றது. போனில் அவளைக் கூப்பிட்டேன். "எட்டுத்தானுங் மாமா, அன்னைக்கே எட்டுன்னுதான் சொன்னேன்" என்றாள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் எழுதும் எட்டு, ஆங்கிலப் பி மாதிரித்தான் இருந்தது.

"உன் கையெழுத்து மூணாங் கிளாசிலேயே இப்படித்தான்" என்றார் வாத்தியார். "சரி, முதல்லேருந்து படி."

முதலிலிருந்து படித்தேன்.